ஹாரன் இல்லாத பந்தயக் கார்

என் தம்பி மெட்ராஸில் டி.வி. ரிப்பேர் கடையில் சில வருஷம் வேலை பார்த்தான். ஊர் திரும்பும்போது அக்காவுக்கு ஒரு புடவையாவது வாங்கி வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கொண்டு வந்தது பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு ஸ்டியரிங், காலுக்கு இரண்டு பெடல், நடுவில் ஒரு கலர் டி.வி. அங்கே ஏதோ ஒரு விளையாட்டுக் கடையில் பழசாகிவிட்டது என்று ஓரங்கட்டியதைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருந்தான். போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை பிடித்து அதை வைத்தான். எண்பதுகளின் பிற்பகுதி அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது கரண்டே ஒழுங்காக வந்து சேரவில்லை. அந்த ஊரில் பிறந்தவன் வீடியோ கேம் கடை போட்டான்.

"இத யாருடா வந்து ஆடுவாங்க?" என்று கேட்டேன்.

"ஆடறவன் ஆடுவான்கா. நீ ஒக்காந்து பாரு மொதல்ல."

உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை. அது ஏதோ வெளிநாட்டு நகரத்துத் தெரு. இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குக் கட்டடங்கள், கடைகள், கலர் கலராக விளக்குகள். அந்தத் தெருவில் நாலைந்து கார்கள் பந்தயம் விட்டு ஓடும், அதில் சிவப்புக் கார் நம்முடையது. பால்வாடியில் நாளெல்லாம் குழந்தைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு காரை அந்தப் போடு போடலாம் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. சுவரில் மோதினேன், கம்பத்தில் மோதினேன், ஒரு கடைக்குள்ளேயே புகுந்தேன். ஒவ்வொரு தடவையும் கார் உருண்டு புரண்டு, கண்ணை மூடித் திறப்பதற்குள் பளபளவென்று புதுசாகத் தெருவில் வந்து நின்றது. இத்தனை மன்னிக்கிற ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பால் சட்டிகூடக் கீழே விழுந்தால் நசுங்கும்.

அந்தப் பெட்டியின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டப்போகிறேன். மன்னிப்பது ஒன்று. இன்னொன்று அந்த ஸ்டியரிங். கார் தெருவை விட்டு இறங்கினால் அது கைக்குள் கடகடவென்று நடுங்கும். ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து பழகியவள் நான், அந்த நடுக்கம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். பெட்டியைச் செய்தவன் எவனோ, உண்மையாகவே வண்டி ஓட்டியிருக்கிறான்.

நான் ஜீப் ஓட்டுகிறவரின் மனைவி. ஓட்டிக்கொண்டிருந்தவரின் மனைவி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சமயத்தில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

எங்கள் மலைப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. வளைவு வருவதற்கு முன்னால் நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் ஹாரன் வந்தால் இறங்குகிற வண்டி ஓரம் கட்டி நிற்கும், ஏறுகிற வண்டி போகும். பாதை அத்தனை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. சண்டைக்காரர்களாக இருந்தாலும் வளைவில் பதில் கொடுக்காமல் போக மாட்டார்கள். ஒருத்தனைக் கெட்டவன் என்று சொல்ல எங்கள் ஊரில், "வளைவுல பதில் குடுக்காதவன்" என்பார்கள்.

அந்தப் பங்குனியில், புளி உலுக்கி இறக்குகிற நேரத்தில், ஜீப்பின் ஹாரன் காலையிலேயே செத்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓனரிடம் சொன்னார். ஜீப்பும் ஓனரும் போளூர். "ஒரு நடை தானப்பா, போய்ட்டு வா, சாயந்திரம் பாத்துக்கலாம்" என்றார் ஓனர். இவரும் கிளம்பினார். வண்டி நிறைய எங்கள் ஊர் ஜனம். ஹாரன் இல்லை என்று தெரிந்ததும் அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மலைக்கு மலை கூவிப் பேசுகிற ஜனம் அல்லவா? ஒவ்வொரு வளைவிலும் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து "ஓ...ய்!" என்று கூவுவது, கேட்டுவிட்டு ஏறுவது. பாதி மலை அப்படியே ஏறியிருக்கிறார்கள். அதற்குள் யாரோ ஒரு கல்யாணப் பேச்சை எடுக்க, பெண் வீட்டுக்காரர்களைப் பற்றி ஆளுக்கொன்று சொல்ல, ஒரு வளைவில் கூவ மறந்துவிட்டார்கள். அந்த வளைவில்தான் மேலேயிருந்து புளி லாரி இறங்கியது; அது அடித்த ஹாரன் பேச்சுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

இவர் பாறைப் பக்கம் ஒடித்தார். அதனால்தான் எல்லாரும் பிழைத்தார்கள். ஜீப் பாறையில் ஏறி, ரோட்டோர வாய்க்காலில் கவிழ்ந்தது. பெரிய அடி எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும்தான். கலசப்பாக்கம் சந்தையில் சாமை விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள். வலது கை முழங்கையில் முறிந்து, கட்டுப் போட்டும் நேராகவில்லை. வளைந்தே நின்றுவிட்டது.

யாரும் இவரைக் குறை சொல்லவில்லை, கூவ மறந்த தப்பு அவர்களுக்கும் தெரியும். இவர்தான் தன்னை விடவில்லை. ஹாரன் இல்லாமல் வண்டியை எடுத்தது நான்தானே என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போளூர் மண்டியில் புளி மூட்டை தூக்கப் போனார். மலையேறும் பஸ்ஸில் கடைசி சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து வருவார். பக்கத்து வீட்டு அக்கா எதிரே வந்தால் வேலியைத் தாண்டி வேறு வழியில் போவார். வாய் ஓயாமல் பேசி என்னைச் சிரிக்க வைத்த மனுஷன், சோறு போட்டால்கூடப் போதும் என்று கையைத்தான் காட்டுவார். எனக்கு அந்த ஜீப் முக்கியமில்லை. அந்தப் பழைய மனுஷன் வேண்டும். ஓனர் ஒரு நாள் என்னிடமே சொல்லி அனுப்பினார்: "படவேட்டு ஆடித் திருவிழாவுக்கு வண்டி ஓடியாவணும்மா. அதுக்குள்ள அவரு வரலன்னா வேற ஆள போட்டுடுவேன்." இவருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு தொழிலில் ஆசையும் கிடையாது. ஆடிக்குள் ஏறாவிட்டால் இவர் இனி எந்த வண்டியிலும் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி கடை போட்டது வைகாசியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கடையில் நெரிசல். மில் பையன்கள், காலேஜ் பையன்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்.

"மாமா, வாங்க, ஒக்காருங்க" என்றான் தம்பி.

"வாணாம் மச்சான்."

"பொம்ம வண்டி தான் மாமா. வுழுந்தா தானா எழுந்துக்கும்."

எனக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. ஆனால் இவர் உட்கார்ந்தார். மாட்டேன் மாட்டேன் என்றவரின் கை ஸ்டியரிங்கின் மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன், பழகிய மாட்டின் முதுகில் போய் உட்காருகிற மாதிரி. கார் கிளம்பியது. மற்ற கார்கள் முந்திப் பறந்தன. இவர் அழகாக, நிதானமாக, ஓரமாகப் போனார். முதல் வளைவு வந்தது. உள்ளங்கையால் ஸ்டியரிங்கின் நடுவில் அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உடனே காலை எடுத்து, பிரேக்கை மிதித்து, இடது பக்கம் ஓரம் கட்டி நின்றுவிட்டார்.

பின்னாலிருந்து ஒவ்வொரு காராக அவரைத் தாண்டிப் போனது. மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்து, ஆட்டம் முடிந்துவிட்டது என்று திரை மின்னியது.

கடையே சிரித்தது. "டேய், ரேஸ்ல வழி வுடுறாருடா!" என்று ஒருத்தன் கத்தினான். எனக்கு வந்த கோபத்துக்கு, அவனைப் பிடித்துப் பால்வாடியில் சின்னக் குழந்தைகளோடு உட்கார வைத்திருப்பேன். இவர் எழுந்து வெளியே வந்து டீ குடித்தார். போச்சு, நல்லது செய்யப்போய் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் மறுநாள் மூட்டை இறக்கிவிட்டு இவர் தானாகவே கடைக்குப் போயிருக்கிறார். அதற்கு மறுநாளும். தம்பிதான் சொன்னான், சலித்துக்கொண்டே சொன்னான். "டெய்லி வர்றாரு. ஒவ்வொரு வளைவுலயும் நின்னுடறாரு. நிக்காதீங்க மாமான்னா காதுலயே வாங்கறதில்ல. எதிர்ல வண்டியே வராதுக்கா அந்த ரோட்ல! எல்லாம் ஒரே பக்கம் தான் போவும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர் ஓட்டப் பயப்படவில்லை. ஹாரன் அடிக்காமல் வளைவு திரும்ப அவருக்குக் கை வரவில்லை. அது பயமா? பொறுப்பா? எனக்குப் பொறுப்பாகத்தான் பட்டது. அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை விளக்கு வைத்தாயே, இத்தனை கட்டடம் வைத்தாயே, ஒரு ஹாரன் வைக்க உனக்கு என்ன கேடு? தெருவில் மனுஷர் இல்லை. ரோட்டைத் தாண்ட ஒரு ஆடு இல்லை. ஏற்றமில்லை, இறக்கமில்லை. பிரேக் என்று ஒரு பெடல் இருக்கிறது, அதைத் தொட்டவன் தோற்றான். நின்று இன்னொருத்தனுக்கு வழி விட்டால் ஒரு புள்ளியாவது கூட்டிக் கொடுக்க வேண்டாமா? எவனையும் பற்றி நினைக்காமல் ஓடுகிறவனுக்குத்தான் அதில் பரிசு.

அடுத்த ஞாயிறு நானும் போனேன். இவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கார் கிளம்பியது. முதல் வளைவு வந்தது, இவர் கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழும்பியது. நான் அடிவயிற்றிலிருந்து கூவினேன்:

"ஓ...ய்!"

டீக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் இவர் கால் மறுபடி இறங்கியது. கார் வளைவைத் திரும்பிப் போனது. அடுத்த வளைவிலும் கூவினேன். அதையும் திரும்பினார். திரும்பும்போது தோள் சாய்ந்த விதம் எனக்குத் தெரிந்த பழைய விதம். கண்ணீர் வந்துவிட்டது. கூவலை நிறுத்தாமலே அழுதேன்.

ஆட்டம் முடிந்ததும் தம்பி என்னை ஓரமாக இழுத்துப் போனான். "அக்கா, உன்ன கும்புடறேன், கத்தாத. கஸ்டமருங்க இன்னா நெனைப்பாங்க? நானே ஒரு வழி பண்றேன்."

அவன் கெட்டிக்காரன். பழைய இரும்புக் கடையிலிருந்து லாரி ஹாரன் ஒன்று கொண்டு வந்தான். கரண்டு இல்லாதது, ரப்பர் பந்தை அமுக்கினால் "பாம்... பாம்" என்று கத்துவது. அதைப் பெட்டியின் வலது பக்கத்தில் கம்பி போட்டுக் கட்டிவிட்டான். ஹாரன் வைத்த பந்தயக் கார் பெட்டி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். காருக்கும் அந்த ஹாரனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இவர் ஒவ்வொரு வளைவிலும் அதை அமுக்கிவிட்டு, அரை நொடி காது கொடுத்துவிட்டுத் திரும்பினார். போகப் போகச் சிரித்த பையன்களும் அமுக்க ஆரம்பித்தார்கள். லாரி டிரைவர்கள் வந்து உட்கார்ந்து, அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப தான்பா வண்டி மாரி கீது" என்றார்கள்.

ஆனி பாதியில் ஒரு நாள் நடந்தது இது. இவர் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பச்சைக் கார் குறுக்கே வந்து இடித்து, இவர் கார் தூக்கி எறியப்பட்டு உருண்டது. இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கார் புதுசாகத் தெருவில் வந்து நின்று, "ஓட்டேன்" என்கிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. இவர் கையை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மாமா, ஒண்ணும் ஆவல" என்றான் தம்பி.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல மச்சான்" என்றார் இவர். "உள்ள இருந்தவங்கள காட்டவே இல்லியே."

பஸ்ஸில் வரும்போது இவர் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஊரில் இறங்கியதும் வீட்டுக்கு வராமல், நேரே பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

அந்த அக்கா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வளைந்த கையால் முறத்தை ஒரு பக்கம் இடுப்பில் முட்டுக் கொடுத்துப் புடைப்பாள். இவரைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாப்பா, இப்ப தான் வூடு தெரிஞ்சிதா?"

"கைய காட்டுக்கா" என்றார் இவர்.

காட்டினாள். இவர் அதைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். அழுதார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினேன்.

அவள் கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு அதட்டினாள். "கை தான் போச்சு. நீ வண்டிய எடுக்காம, சந்தைக்கு நடந்து நடந்து எனக்கு காலும் போவணுமா? பஸ்ல மூட்டைய ஏத்தமாட்டேங்கறான். எப்ப எடுக்கப்போற, அத சொல்லு."

மறுநாள் இவர் போளூர் போய் ஓனரைப் பார்த்தார். வண்டியை எடுக்கிறேன், ஆனால் ஹாரன் செத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன், நடை போனாலும் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஓனர் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றாராம். புது ஹாரன் போட்டாயிற்று. அதுவும் இவருக்குப் போதவில்லை. நேரே மச்சான் கடைக்குப் போய், பெட்டியிலிருந்து அந்த ரப்பர் ஹாரனைக் கழற்றினார்.

"மாமா! அது எங்க கடைது மாமா!"

"ஒன் ரோட்ல எதிர்ல யாரும் வர்றதில்ல மச்சான். எங்க ரோட்ல வர்றாங்க."

தம்பி அதற்குப் பிறகு ஒரு மாசம் என்னிடம் இதைச் சொல்லிப் புலம்பினான். ஹாரன் இல்லையென்று வாடிக்கை குறைந்துபோனதாம்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு சந்தை நாள். கலசப்பாக்கத்திலிருந்து ஜீப் கிளம்பியது. டிரைவர் பக்கக் கண்ணாடிக் கம்பியில் ரப்பர் ஹாரன் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஜனம் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு, யார் முதலில் ஏறுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, முன்சீட்டில் இருந்த என்னிடம், "தள்ளி ஒக்காரு" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டியில் இடமில்லை.

அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இவர் கரண்டு ஹாரனையும் அடித்தார், வெளியே கையை விட்டு ரப்பர் ஹாரனையும் அமுக்கினார். அந்த வளைவு வந்தது. பாறையில் ஜீப்பின் பச்சை பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் வண்டியை நிறுத்தினார். கையை வெளியே விட்டு அமுக்கினார்.

பாம்... பாம்.

காது கொடுத்தோம்.

மேலேயிருந்து பதில் வந்தது. பஸ் ஹாரன், நீளமாக.

வாரக்கணக்கில் அந்தப் பெட்டிக்கு எதிரே இவர் அமுக்கி அமுக்கிக் காது கொடுத்தாரே, ஒரு தடவைகூட வராத பதில். இவர் ஏறவில்லை. ஓரம் கட்டியபடியே நின்றார். பஸ்ஸும் இறங்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் அதன் என்ஜின் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. இவர் கை இன்னும் கியருக்குப் போகவில்லை. அக்கா வளைந்த கையை நீட்டி அவர் தோளில் வைத்தாள்.

அப்போது மேலேயிருந்து பஸ் டிரைவரின் குரல் வந்தது.

"இன்னாப்பா நின்னுட்ட? ஏறுற வண்டி நீ தான, நான் நிக்கறேன். வா, வா!"

இவர் கியரைப் போட்டார்.